தூள் போட்ட பத்துப் பை

1998 பெப்ரவரி 2, திங்கள்

காய்ச்சல் நூற்றிரண்டு. வீட்டில் தெர்மோமீட்டர் வைத்திருப்பதே தப்பு. இல்லாவிட்டால் வெறும் உடம்புவலி என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன்.

பண்ணைக்குச் சோயாத் தூள் வந்துவிட்டதாம். பலாபத்வலயில் இந்த விதைப் பண்ணையில் சேர்ந்து பதினான்கு வருடம். அதில் பாதிக் காலம் இந்தத் தூளோடுதான் போயிருக்கிறது. பார்க்க அடுப்புக்கரியை இடித்துச் சலித்தது போல இருக்கும். உண்மையில் அது சதுப்பு மண். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதற்குள் உயிரோடு இருக்கின்றன. விதையில் பூசி நட்டால் சோயா வேருக்குள் புகுந்து சின்னச் சின்ன முடிச்சுகளாகக் குடியேறிவிடும். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி அதற்குச் சாப்பாடு போடும். வெயில் பட்டால் மட்டும் அத்தனையும் செத்துவிடும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. யூரியா போட்ட பாத்தி கறுகறுவென்று செழித்து நிற்கும், ஆனால் பூக்கச் சோம்பும். வேரில் முடிச்சு விழுந்த பாத்தி முந்திக்கொண்டு பூக்கும். ஆறு போகம் எண்ணிப் பார்த்துவிட்டேன். மண்ணுக்குள் நடந்த சங்கதி உச்சிக் கொழுந்துக்கு எப்படித் தெரிகிறது? பண்ணைப் பொறுப்பாளர் மாணிக்கவாசகம் சேரைக் கேட்டால், "அது உமக்கு எதுக்குப் பிள்ளை? எண்ணுறதை எண்ணும்" என்கிறார். யாழ்ப்பாணத்து ஆள். கேள்வி கேட்டால் பிடிக்காது.

உக்குவளையில் பண்ணைக்காகச் சோயா போடும் லாபிர் நானா நாளைக்குப் பின்னேரம் விதைக்கிறார். தூள் அதற்குள் போய்ச் சேரவேண்டும். எழுந்து நிற்கவே முடியவில்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

தம்பி மைக்கலை அனுப்பினேன். டவுனில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை அவனுக்கு. எனக்காக லீவு போட்டான். பண்ணை டிரைவர் நேற்றே இரண்டு பைக்கற் தூள் கொண்டுவந்து தந்திருந்தார். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது? தண்ணீர்ப் பானையடியில் ஈரமணலில் புதைத்து வைத்தேன். காலையில் எடுத்தபோது லேபல் இரண்டும் ஊறிப்போய்க் கையோடு வந்துவிட்டன. போகட்டும், லாபிர் நானாவுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். ஈரத்துணியில் சுற்றிச் சோற்றுக் கரியரின் அடித்தட்டில் வைத்தேன்.

"சூடு படாம கொண்டு போ. பட்டுச்சின்னா எல்லாம் போச்சு" என்று மூன்று தடவை சொன்னேன்.

"வெளங்குதுக்கா. பச்சப் புள்ளய கொண்டு போற மாதிரி கொண்டு போறேன்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

மணி ஐந்து. இன்னும் வரவில்லை.

ஆறரை. பஸ் கிடைக்கவில்லையோ? கண்டியில் குண்டு வெடித்து இன்றைக்கு ஒன்பது நாள். வழியெல்லாம் சோதனைதான். அவனிடம் அடையாள அட்டை இருக்கிறது. இருக்கிறதுதானே?

பெப்ரவரி 4, புதன்

பிடித்துவிட்டார்கள்.

லாபிர் நானா காலையில் தானே வந்து சொன்னார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "தங்கச்சி, பஸ் கொண்டக்டர்தான் எனக்கிட்ட வந்து சொன்னாரு. சென்றியில பஸ்ஸ நிப்பாட்டி கரியரத் திறக்கச் சொல்லீக்காங்க. கறுப்புத் தூள். ஏன் ஈரத்துணின்னு கேட்டீக்காங்க. சூடு படப் படாது, பட்டா எல்லாம் போச்சுன்னு தம்பி சிங்களத்துல சொல்லீக்காரு."

என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை.

லேபல் இல்லாத கறுப்புத் தூள். சூடு படக்கூடாது. கொண்டு வந்தவன் ரேடியோ திருத்துகிற தமிழ்ப் பையன். நான் அந்தச் சென்றியில் நின்றிருந்தால் நானே பிடித்திருப்பேன்.

அம்மா ஒரு தடவைதான் சொன்னார்: "நீதானே அனுப்புன." அதற்குப் பிறகு செபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். திட்டினாலும் தேவலை.

சுதந்திர தினம். ஒரு அலுவலகமும் திறக்காது.

பெப்ரவரி 5, வியாழன்

காய்ச்சலோடு போனேன். ரோட்டோரத்துப் பழைய கொக்கோ ஸ்டோர்தான் இப்போது முகாம். முன்னால் மணல் மூட்டை, முள்ளுக்கம்பி. மீசைக்காரப் பொலிஸ் கொஸ்தாப்பல் ஒருவர் பெயரைப் பதிந்துகொண்டார். மைக்கல் உள்ளேதான் இருக்கிறான், பார்க்க முடியாது. சேர்ட்டும் சாரமும் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவனுக்குத்தான் உடுப்பு வாங்குவார்கள் என்று பஸ்ஸில் வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 7, சனி

மாணிக்கவாசகம் சேர் வீட்டுக்குப் போனேன். இது பண்ணைத் தூள், விதையில் பூசுவதற்கு என்று ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"பிள்ளை, என்ர பேர் அந்தக் கடிதத்தில இருந்தா உம்மட தம்பிக்குத்தான் கேடு. யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் குடுத்த தூள் எண்டு வரும். பிறகு என்னையும் தூக்குவினம்."

கோழை என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. அதுதான் இன்னும் எரிகிறது. கடைசியில் கையெழுத்தில்லாமல் றப்பர் முத்திரை மட்டும் குத்திய ஒரு தாள் தந்தார்.

பெப்ரவரி 9, திங்கள்

இந்தக் கொப்பியை எரித்துவிடவா? திகதியும் எண்ணும் தமிழும்தான் இதில் இருக்கின்றன, யாராவது பார்த்தால் இதுவும் சந்தேகமாகிவிடும். அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு மறுபடி எடுத்து எழுதுகிறேன். பைத்தியம்.

பெப்ரவரி 12, வியாழன்

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். கத்தவில்லை. அதுவே பயமாக இருந்தது. பேசியதெல்லாம் சிங்களத்தில்.

முத்திரைத் தாளைப் பார்த்தார். "முத்திரை யாரும் செய்யலாம்" என்றார். தூளின் ஒரு பகுதியைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அறிக்கை வர மூன்று மாதம் ஆகும். அதுவரை மைக்கல் இங்கேதான். மேலிடத்திலிருந்து பட்டியல் வந்தால் தெற்கே பெரிய முகாமுக்கு அனுப்பவேண்டி வரும்.

தெற்கே போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள்?

"உன் தம்பி சொல்கிறான், இதைப் போட்டால் செடி பூக்குமாம். என் அப்பாவும் விவசாயிதான். கரித்தூள் போட்டுப் பூத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை."

"போடாவிட்டாலும் பூக்கும் மாத்தயா, போட்டால் முந்திப் பூக்கும்" என்றேன். அந்த நேரத்திலும் வாய் திருத்தத்தான் போகிறது. என்னையே அறையவேண்டும் போல இருந்தது.

பேனாவை எடுத்தார். "எத்தனை நாள்?"

"முப்பத்தைந்து நாள் மட்டில்."

"அப்படியென்றால் இங்கே நட்டுக் காட்டு. தூள் போட்டது ஒரு பக்கம், போடாதது ஒரு பக்கம். எது முதலில் பூக்கிறது என்று பார்ப்போம். இதே தூள்தான். பண்ணையிலிருந்து வேறு கொண்டு வரக்கூடாது."

மிச்சத் தூள் தகரக் கூரைக்குக் கீழே இரும்பு அலுமாரியில் இருந்தது. ஒன்பது நாளாக. கையில் எடுத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா, வெறும் மண்ணா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. பண்ணையில் நாங்கள் முதல் பூவைக் கணக்கில் எடுப்பதில்லை. பாதிச் செடி பூத்த நாளைத்தான் பூத்த நாள் என்று எழுதுவோம். எங்காவது ஒற்றைச் செடி அவசரப்பட்டுப் பூத்துத் தொலைக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். விதியை மாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, "சரி மாத்தயா" என்றேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

நட்டாயிற்று. இருபது பொலித்தீன் பை. ஸ்டோர் சுவரோரம் இரண்டு வரிசை.

முகாம் வாசலில் ரோசாப் பாத்தி இருக்கிறது. நல்ல மாட்டெரு மண். மீசைக்காரர் அதிலிருந்தே அள்ளிக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று, முகாமுக்குப் பின்னால் வெட்டிய கரையிலிருந்து சிவப்புக் கிறவல் மண் கேட்டேன். இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. "ஏன் கெட்ட மண்?" நல்ல மண்ணில் செடிக்குப் பசியிருக்காது, பசியில்லாத செடி இந்தக் கிருமியை வேருக்குள் சேர்க்காது, அப்போது இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் பூக்கும் என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. விட்டார்.

தூளில்லாத பத்தையும் முதலில் நட்டேன். அதற்கும் ஏன் என்று கேட்டார். தூளைத் தொட்ட கையால் நட்டால் அதுவும் ஒட்டிக்கொள்ளும் என்றேன். பிறகு மற்றப் பத்துக்கான விதையைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்துத் தூளில் பிரட்டி நிழலில் உலர்த்தினேன். இரண்டு விதை கீழே விழுந்தன. துப்பாக்கிக்காரப் பையன் ஒருவன் பொறுக்கித் தந்தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்க்க அனுமதி. மைக்கலைப் பார்க்க அனுமதியில்லை.

பெப்ரவரி 18, புதன்

இருபதும் முளைத்துவிட்டன. இன்றைக்கு எல்லாம் ஒரே மாதிரி. முளைப்பதற்குத் தூள் எதற்கு?

பெப்ரவரி 25, சாம்பல் புதன்

அம்மா வஹகோட்டைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டு வந்தார். என் நெற்றியிலும் சாம்பல். கறுப்பாக. கண்ணாடியில் பார்த்ததும் துடைத்துவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பண்ணையில் ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை. நான் போனால் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது. லாபிர் நானா தூளில்லாமலே விதைத்துவிட்டாராம். "எனக்கும் நாலு புள்ளைகள் தங்கச்சி, இனி இந்தத் தூளே வேணாம்" என்று சொல்லியனுப்பினார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 9, திங்கள்

இருபத்து நாலாம் நாள். தூளில்லாத வரிசை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது! தூள் போட்டது பச்சை!

யாரும் பார்க்காத நேரம் ஒரு பையின் ஓரத்தில் விரலை விட்டுத் துழாவினேன். கடுகு கடுகாக விரலில் தட்டுப்பட்டது. முடிச்சு. உயிரோடு இருந்திருக்கிறது. அந்தச் சூட்டிலும் சாகாமல் இருந்திருக்கிறது. அங்கேயே குந்திக்கொண்டு அழுதேன். மீசைக்காரர் நான் மஞ்சள் செடிகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "பாவம்தான், இதுகளுக்கு நான் இன்னொரு வாளி ஊற்றுகிறேன்" என்றார். பயந்துபோய், தண்ணீர் மட்டும் போதும், எரு கிரு போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

முடிச்சை இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார். "வேர்ப்புழு விழுந்தால் இப்படி முடிச்சு என் அப்பாவின் கத்தரியிலும் வரும். பூவைக் காட்டு" என்றார்.

மார்ச் 14, சனி

நேற்று மூன்று பேரைத் தெற்கே ஏற்றிவிட்டார்களாம். மைக்கல் அதில் இல்லை. அடுத்த வாகனம் இருபத்தைந்தாம் திகதி.

மார்ச் 16, திங்கள்

தூள் வரிசையில் மொட்டு. மிளகு அளவு. எண்ணினேன், எட்டுச் செடியில். மற்றதில் தேடவே பயமாக இருந்தது. தேடினேன். ஏழாவது பையில் ஒன்று. அந்த மஞ்சள் நோஞ்சானுக்கு என்ன அவசரம்?

மார்ச் 18, புதன்

இதை எழுதாமல் விட்டால் என்ன?

எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்குப் போனேன். முப்பத்து மூன்றாம் நாள். தூள் வரிசையை ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன். மொட்டெல்லாம் மூடித்தான் இருந்தன. பூ இல்லை. திரும்பினேன். ஏழாவது பை. இலைக்கு அடியில், அரிசி அளவில், ஊதா. விரிந்திருந்தது.

முதல் பூ. தூளில்லாத பக்கத்தில்.

எனக்குத் தெரியும் அது ஒன்றுமில்லை என்று. பட்டினி கிடக்கிற செடி சாவதற்கு முன்னே ஒரு பூவாவது பூத்துப் பார்க்கும். நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது எது முதலில் என்றுதான். நானும் சரி மாத்தயா என்றேனே! வாயில் என்ன வைத்திருந்தேன் அன்றைக்கு? பாதி என்று சொல்ல வேண்டியதுதானே! இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்?

மீசைக்காரர் தேத்தண்ணி எடுக்க உள்ளே போயிருந்தார். கிள்ளினேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். ஒரு ருசியும் இல்லை.

பதினான்கு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. மழையில் நனைந்துபோன கணக்கைக்கூடத் திரும்பப் போய் எண்ணியிருக்கிறேன்.

யாரும் பார்க்கவில்லை. பார்த்தார்களா? இல்லை. யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

பண்ணையில் அம்மாவின் கால்வலி என்று பொய் சொல்லி இன்றைக்கும் போய்ப் பார்த்தேன், மீசைக்காரர் இப்போது முறைநாள் பார்க்காமல் விடுகிறார். ஒன்றும் இல்லை. ஏழாவது பையில் இன்னொரு மொட்டு உப்பிக்கொண்டு வருகிறது. அதையும் கிள்ளலாம் என்று பார்த்தால் கொஸ்தாப்பல் பக்கத்திலேயே நின்று தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

ஒன்றும் இல்லை. மேகமூட்டம்.  இன்னும் ஐந்து நாள்.

மார்ச் 21, சனி

பூத்துவிட்டது!

போகும்போதே இன்ஸ்பெக்டர் பைகளுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். தூள் வரிசையில் ஆறு செடி பூத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று நாலு பூ. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு அடுத்த வரிசை.  ஏழாவது பையில் அந்த இரண்டாவது மொட்டு விரிந்திருந்தது.

"இங்கே ஒன்று" என்றார்.

தாளில் எழுதினார். ஆறு. கோடு. ஒன்று. அவ்வளவுதான். முகம்கூட மாறவில்லை. "ஒற்றைச் செடி எங்கேயும் அவசரப்படும். என் அப்பாவின் கௌபிப் பயற்றிலும் அப்படித்தான்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு விவசாயியின் மகனுக்குத் தெரியாமலா இருக்கும்? நான்தான் காக்கிச் சேர்ட்டையும் பெல்ட்டையும் மட்டும் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையை இன்றைக்கே கண்டிக்கு அனுப்புவாராம். இருபத்தைந்தாம் திகதிப் பட்டியலில் மைக்கலின் பெயர் வராது என்றார். நன்றி சொல்ல மறந்து வீட்டுக்கு ஓடினேன். 

மார்ச் 27, வெள்ளி

மைக்கல் வந்துவிட்டான்.

மார்ச் 29, ஞாயிறு

இரண்டு நாளாகத் தூங்குகிறான். எழுந்தால் சுவரோடு சாய்ந்து உட்காருகிறான். இடது கைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை. அடித்தார்களா என்று அம்மா கேட்டதற்கு, "ஆரம்பத்துல கொஞ்சம்" என்றான். அம்மா எண்ணெய் எடுத்து அந்த விரலில் தடவினார். 

இன்று மத்தியானம் நானும் அவனும் மட்டும் இருந்தோம். சோறு போட்டேன். பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அந்த ஸ்டோர் சொவத்துல காத்து வர்றதுக்கு ஓட்ட வச்சிருக்காங்கக்கா. கண்ண வச்சா ரெண்டு வரிசையும் தெரியும். எது எந்த வரிசன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தாரு. நீங்க வந்து ஒவ்வொண்ணா குனிஞ்சு பாக்குறத பாத்துக்கிட்டே இருப்பேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு தூள் போடாத வரிசையில எதையோ கிள்ளி வாயில போட்டீங்க. பூத்துருச்சின்னு வெளங்கிருச்சு. அக்காவே மறைக்கிறாங்கன்னா, அக்காவுக்கே நம்பிக்க இல்லன்னுதானே அர்த்தம்? இனி தெக்கதான்னு நெனச்சேன். செபங்கூட வரல."

சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"அடிச்ச நாள்லகூட அப்பிடிப் பயம் வரலக்கா. அந்த மூணு நாளுதான்."

ஒற்றைப் பூ கணக்கில் சேராது என்று சொல்ல வந்தேன். சொல்லி என்ன? நான் அதை நம்பியிருந்தால் கிள்ளியிருக்கமாட்டேனே.

இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டேன். போதும் என்றான்.